தெமோதரை வளைவும் பாலர் ஆட்டப் பலகையும்

கொழும்பிலிருந்து பதுளை செல்லும் புகையிரதம் எல்லவைக் கடந்து, ஒன்பது வளைவுப் பாலத்தின் மீது மெல்ல ஊர்ந்து, தெமோதரை நிலையத்தை அடைகிறது. அங்கு நின்று புறப்பட்டபின் மலையைச் சுற்றி வளைந்து இறங்கி, சற்று முன் தான் நின்ற நிலையத்திற்கு நேர் கீழே உள்ள சுரங்கத்தினுள் புகுந்து வெளிவருகிறது. 1924-ஆம் ஆண்டில் பதுளையை எட்டிய இந்தப் பாதையைப் பற்றி மலைநாட்டில் ஒரு கதை வழங்கி வருகிறது. செங்குத்தான இறக்கத்தில் தண்டவாளத்தை எவ்வாறு கொண்டு செல்வது எனத் திகைத்து நின்ற பொறியியலாளரின் கண்முன், தோட்டத்துக் கங்காணி ஒருவர் தம் தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் சுற்றிக் கட்டினாராம். அந்தச் சுற்றிலிருந்தே இந்தச் சுற்று பிறந்ததாம். கதை மெய்யாயினும் பொய்யாயினும், அவ்வண்டியில் தாயின் மடியிலிருந்து பயணம் செய்யும் நான்கு வயதுக் குழந்தைக்கு ஓர் ஐயம் எழுவது உறுதி. முன்னே போனோமா, பின்னே வந்தோமா?

ஆட்டப் பலகையின் முன் அமரும் குழந்தைக்கும் இதே ஐயம் எழுகிறது. ஆதலின் பாலர்க்கு எந்தப் பலகையாட்டம் தகும் என்னும் வினாவை ஆராயத் தெமோதரையைக் காட்டிலும் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

ஊவாவின் தோட்டங்களில் வாழும் தமிழரின் முன்னோர் 19-ஆம் நூற்றாண்டிலே காப்பித் தோட்டங்களுக்கென வந்தவர்கள். 1869 முதல் பரவிய இலை நோய் காப்பியை அழித்தபின் தேயிலைக்கென வந்தவர் மேலும் பலர். 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் தொடர்பு அமையுமுன் மன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்து வந்தோர் கையில் என்ன இருந்திருக்கும்? கனமான மரப்பலகையைச் சுமந்து வந்தோர் அதிகம் இருந்திருக்க மாட்டார்கள். ஆனால் தமிழரின் பழைய ஆட்டங்களுக்குப் பலகையே வேண்டியதில்லை. தாயத்திற்குத் தரையில் கரித்துண்டால் கட்டம் கீறினால் போதும். ஆடு புலி ஆட்டத்திற்குச் சில கோடுகளும், மூன்று பெரிய கல்லும், பதினைந்து சிறிய கல்லும் போதும். பல்லாங்குழிக்கு மண்ணில் குழி தோண்டலாம். 10 அடிக்கு 12 அடியான லயத்து அறையில் பெட்டிக்கு இடம் ஏது? வாசலே பலகையாயிற்று.

தோட்டத்தின் எல்லைக்கு அப்பால் சிங்களக் கிராமங்களிலும் இதே குழியாட்டம் உண்டு. அவர்கள் அதனை ஒலிந்த கெளிய என்பர். சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் பெண்கள் கூடி ஆடுவது மரபு. இலங்கை நீர்ப்பாசனத் துறையில் பணியாற்றிய ஹென்றி பார்க்கர் என்னும் ஆங்கிலேயர், 1909-இல் வெளியிட்ட ‘பண்டைய இலங்கை’ என்னும் பொருள்படும் தம் நூலில், இந்நாட்டின் ஆட்டங்களுக்குத் தனி இடம் ஒதுக்கி இதனை விவரித்துள்ளார். தோட்டத்தாரும் கிராமத்தாரும் மொழியால் பிரிந்து வாழ்ந்த காலத்திலும், ஏழு ஏழாக இரு வரிசைக் குழிகளில் விதை தூவும் கை இரு பக்கத்திலும் ஒன்றாகவே அசைந்திருக்கிறது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் மேலே செல்வது தவறாகும். ஒலிந்த என்பது குன்றிமணி. சிவப்பும் கறுப்புமாய் மின்னும் அவ்விதை, பொற்கொல்லர் தராசில் எடைக்கல்லாகவும், சதுர்த்தியன்று களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாகவும் விளங்குவதால், வீட்டுப் பொருளாகவே பழகிவிட்டது. ஆனால் அதனுள் இருப்பது கொடிய நஞ்சு. மேலோடு மிகக் கடினமாதலின் முழுதாய் விழுங்கிய விதை பெரும்பாலும் தீங்கின்றி வெளியேறிவிடும். கடித்து மென்றாலோ, ஊசியால் துளையிட்ட விதை வயிற்றுள் சென்றாலோ, உயிருக்கே ஆபத்து நேரலாம். பெரியவர் ஆட்டத்திற்கு அழகாயிருக்கும் விதை, எதையும் வாயிலிட்டுச் சோதிக்கும் பாலருக்கு ஆகவே ஆகாது. புளியங்கொட்டை நஞ்சன்று என்றாலும் மூக்கினுள்ளும் காதினுள்ளும் புகத்தக்க அளவினது. மூன்று வயது நிரம்பாத பிள்ளையிடம் எவ்வகைச் சிறு விதையையும் கொடுத்தல் கூடாது. நான்கு வயதுப் பிள்ளையோடு ஆடும்போதும் எண்ணி எடுத்து எண்ணி வைப்பது நலம். குழிக்கு ஐந்தாக 70 விதை வெளிவந்தால், ஆட்டம் முடிந்தபின் 70 விதையும் பெட்டிக்குத் திரும்ப வேண்டும். எண் கற்பிப்பதற்கும் அதுவே வழியாகிறது.

இனி, பல்லாங்குழி பாலர்க்கு எவ்வளவு தகும்? ஒரு குழியிலுள்ளவற்றை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாய் இடுவதே அதன் உயிர். ஒரு குழிக்கு ஒரு விதை, ஒரு விதைக்கு ஓர் எண். இந்தப் பொருத்தத்தை விரலால் உணர்வதே எண்ணறிவின் முதற்படி. 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, போர்க்காலத்தைப் பெரும்பாலும் இந்தியாவிலேயே கழித்த மரியா மொண்டிசோரி அம்மையார், பிள்ளை கையால் தொட்டே கற்கும் என்பதை வலியுறுத்திப் பயிற்சி அளித்தார். பல்லாங்குழி ஆடிய மூதாட்டியருக்கு அது புதுச் செய்தியாய் இருந்திராது.

இவ்வாட்டத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. விதையிட்டு வருகையில் ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அதனைப் ‘பசு’ என்று கூறி, குழிக்குரியவர் எடுத்துக்கொள்வர். மனிதனின் கண், எண்ணிப் பாராமலே ஒரே நோக்கில் அறியக்கூடிய தொகை ஏறத்தாழ மூன்று அல்லது நான்கே என உளநூலார் கூறுவர். ஐந்தையும் ஆறையும் எண்ணத் தடுமாறும் பிள்ளையும் பசுவைக் கண்டதும் கை நீட்டிவிடும். ஆகையால் முழு ஆட்டத்தையும் சுமத்தாமல், ஆளுக்கு மூன்று குழி, குழிக்கு மூன்று விதை என்று சுருக்கி, பசு எடுப்பதை மட்டும் விதியாக வைத்துக்கொண்டால் நான்கு வயதுக்கு அது நல்ல ஆட்டம்.

முழு ஆட்டம் அவ்வயதுக்கு ஏன் ஆகாது? தொ. பரமசிவன் ‘அறியப்படாத தமிழகம்’ என்னும் நூலில் பல்லாங்குழியைப் பற்றிச் சிந்தித்தவர். இருவரும் சமமாகத் தொடங்கும் ஆட்டம், ஒருவர் அனைத்தையும் இழப்பதில் முடிகிறது என்பதைச் சுட்டி, தனிச்சொத்து தோன்றிய வரலாற்றை அதில் கண்டார். அந்த விளக்கத்தை ஏற்போரும் மறுப்போரும் இருக்கலாம். ஆனால் முதற்சுற்றில் தோற்றவர் இரண்டாம் சுற்றில் நிரப்ப முடியாத குழிகளோடு அமர்வதும், மேலும் மேலும் தோற்பதும் கண்கூடு. பெரியவர்க்கே கசக்கும் அந்தத் தோல்வியைப் பிள்ளை தாங்குமா? விதைகளை வாரி இறைத்துவிட்டு எழுந்து ஓடும் பிள்ளையைக் குறும்பன் என்று கடிவது முறையன்று. ஆட்டத்தைத் தேர்ந்தவர் பிழை அது.

தாயத்தின் இடர் வேறு வகையானது. இரண்டு கட்டைகள், ஒவ்வொன்றிலும் நான்கு பக்கம். வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று எனப் புள்ளிகள். இரண்டையும் உருட்டினால் 16 வகையில் விழலாம். அவற்றுள் தாயம், அதாவது கூட்டுத்தொகை ஒன்று, இரண்டு வகையில் மட்டுமே விழும். தாயம் விழாமல் காய் இறங்காது. எட்டு முறை உருட்டியும் தாயம் விழாதிருத்தல், மூன்று ஆட்டத்தில் ஒன்றிலேனும் நேரக்கூடியது என்று கணக்குக் கூறுகிறது. தாயத்தின் உறவினமான பச்சீசியிலிருந்து ஆங்கிலேயர் உருவாக்கி 1896-இல் காப்புரிமை பெற்ற லூடோவிலும் இதே கதைதான். ஆறு விழாமல் காய் புறப்படாது. ஆறு முறை உருட்டியும் ஆறு விழாதிருப்பதற்கு அங்கும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு. பிறர் காய்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு, தன் காய் ஒன்றும் அசையாமல் காத்திருத்தல் நான்கு வயதுக்குரிய பொறுமையன்று. காய் வெட்டுப்படும்போது எழும் அழுகையைச் சொல்லவும் வேண்டுமோ!

பரமபதம் எப்படி? எழுத்தறிவு வேண்டாம், தந்திரம் வேண்டாம், உருட்டுவதும் நகர்த்துவதுமே வேலை. பாம்பின் வாயும் ஏணியின் படியும் பிள்ளையின் கண்ணைக் கவரும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் இதனைத் தம் நாட்டுக்குக் கொண்டு சென்று, புண்ணிய பாவப் பொருளைக் குறைத்து, பாலர் ஆட்டமாக்கி விற்றனர். ஆனால் நம் நாட்டில் இது எதற்காக ஆடப்பட்டது என்பதை மறக்கலாகாது. வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழித்திருப்பதற்காக ஆடிய ஆட்டம் இது. இரவு முழுவதும் நீள வேண்டும் என்பதே அதன் நோக்கம். உச்சியை நெருங்கிய காயைப் பெரும்பாம்பு விழுங்கிக் கீழே தள்ளுவதும் அந்நோக்கத்திற்கு இயைந்ததே. கால் மணி நேரத்தில் கவனம் கலையும் பிள்ளைக்கு நூறு கட்டமும் அதற்கு மேலும் நெடும்பயணம். மேலும் அப்பலகையில் எண்கள் ஒரு வரிசையில் இடமிருந்து வலமாகவும், அடுத்த வரிசையில் வலமிருந்து இடமாகவும் திரும்புகின்றன. தெமோதரை வளைவில் பிள்ளைக்கு எழுந்த ஐயம் இங்கும் எழுகிறது.

இந்த ஐயத்தை ஆராய்ச்சியாளர் சோதித்தும் பார்த்திருக்கின்றனர். அமெரிக்காவில் ராபர்ட் சீக்ளர், கீதா ராமணி ஆகிய இருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், வறிய குடும்பங்களைச் சேர்ந்த, பள்ளி வயதை எட்டாத 124 பிள்ளைகள் பங்கு கொண்டனர். ஒரு பகுதியினர்க்கு 1 முதல் 10 வரை எண்ணிட்ட பத்துக் கட்டங்கள் நேர் வரிசையில் அமைந்த பலகை. மற்றவர்க்கு அதே பலகை, எண்ணுக்குப் பதில் வண்ணம். இரு வாரங்களுக்குள் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழக் கால் மணி நேரம் ஆடினர். எண் பலகையில் ஆடியோர் எண்ணறிவில் தெளிவாக முன்னேறினர். ஒன்பது வாரம் கழித்தும் அம்முன்னேற்றம் நிலைத்திருந்தது. வண்ணப் பலகையில் ஆடியோரிடம் அம்மாற்றம் இல்லை. அடுத்த ஆண்டு வெளியான ஆய்வில் வட்டமாய் அமைந்த எண் பலகையும் சேர்த்துச் சோதிக்கப்பட்டது. நேர்ப்பலகை தந்த பயனை வட்டப்பலகை தரவில்லை.

இவ்வாய்வில் விதி ஒன்று கவனிக்கத்தக்கது. மூன்றாம் கட்டத்தில் நிற்கும் பிள்ளைக்கு இரண்டு விழுந்தால், ‘ஒன்று, இரண்டு’ என்று எண்ணி நகரக்கூடாது. ‘நான்கு, ஐந்து’ என்று சென்றடையும் கட்டத்தின் பெயரைச் சொல்லியே நகர வேண்டும். சிறு விதிதான். ஆனால் பயன் பெரும்பாலும் அதில்தான் அடங்கியுள்ளது போலும்.

வண்ணப் பலகையை இதனால் இகழ்ந்துவிடலாகாது. எலினர் ஆபட் என்னும் அமெரிக்க ஆசிரியை, இளம்பிள்ளை வாதத்தால் மருத்துவமனையில் இருந்தபோது, அங்கே படுத்திருந்த சிறுவர்க்காக வண்ணக் கட்டங்கள் மட்டுமே கொண்ட ஓர் ஆட்டத்தை அமைத்தார். 1949-இல் மில்டன் பிராட்லி நிறுவனம் அதனைக் கேண்டி லேண்ட் என்னும் பெயரில் வெளியிட்டது. எழுத்தும் எண்ணும் அறியாத பிள்ளை, நடக்க இயலாத நாளில், கற்பனையில் நடப்பதற்கான பாதை அது. அதற்கு எண் கற்பிக்கும் கடமையைச் சுமத்துவது நியாயமன்று. ஜெர்மனியில் 1986-இல் வெளிவந்த பழத்தோட்ட ஆட்டமோ தோல்வித் துயருக்கு மருந்து தேடிற்று. அதில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் எதிர்ப்பதில்லை. காகம் வந்து சேருமுன் கனிகளைக் கூடையில் சேர்க்க எல்லோரும் கூடி உழைக்கின்றனர். தோற்றாலும் எல்லோரும் தோற்பர், காகத்தைத் திட்டிக்கொள்ளலாம்.

தோட்டத்தில் இத்தேர்வு யார் கையில் இருந்தது? விடியலில் பெரட்டுக்களத்திற்கும் பின்னர் கொழுந்து மலைக்கும் செல்லும் தாய், பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுச் சென்றாள். அங்குள்ள ஆயம்மாவுக்குத் தொட்டிற் குழந்தைகளைப் பார்ப்பதே பெரும்பாடு. ஆட்டம் கற்பித்தவர் பெரும்பாலும் வேலையிலிருந்து ஓய்ந்த அப்பாயியும் அம்மாயியுமே. 1964-ஆம் ஆண்டின் ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பிரித்தபோது, ஒரே லயத்தில் வாழ்ந்த உறவினர் இரு நாட்டினராயினர். பாட்டி ஒரு கரையிலும் பேரப்பிள்ளை மறு கரையிலுமாய் நின்ற குடும்பங்களில், பசு எடுக்கச் சொல்லித்தர ஆள் இல்லாமற் போயிற்று. அச்சுப்பலகை அதன் பின்னரே கடைத்தெருவிலிருந்து லயத்துக்குள் பரவலாக நுழைந்தது எனில் வியப்பில்லை.

பிள்ளைக் காம்பராக்கள் இன்று சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள் என்று பெயர் மாறியுள்ளன. அவற்றின் தாழ்வாரத்தில் சுண்ணக்கட்டியால் பத்துக் கட்டம் கீறப் பணம் எதுவும் தேவையில்லை. சுழற்றும் முள்ளுக்குப் பதிலாக, பிள்ளையின் வாய்க்குள் அடங்காத பெரிய சோழி ஒன்று போதும். மல்லாந்து விழுந்தால் ஒன்று, கவிழ்ந்து விழுந்தால் இரண்டு. கட்டங்களுக்கு எண்ணோடு பெயரும் வேண்டுமாயின் அதற்கும் பஞ்சமில்லை. அப்புத்தளை, தியத்தலாவை, பண்டாரவளை, கினிகம, ஹீல் ஓய, எல்ல, தெமோதரை, உடுவரை, ஹாலி எல, பதுளை. எண்ணிப் பார்த்தால் சரியாகப் பத்து நிலையங்கள். ஏழாம் கட்டத்தில் நிற்கும் பிள்ளைக்கு இரண்டு விழுந்தால், ‘எட்டு உடுவரை, ஒன்பது ஹாலி எல’ என்று சொல்லி நகரட்டும். ஏழுக்கும் எட்டுக்கும் இடையில் உள்ள அந்தப் புகழ்பெற்ற சுற்றை மட்டும் கீறாமல் நேர்க்கோடாகவே விட்டுவிட வேண்டும்.