கடலின் விளைச்சலை அளந்த வரலாறு

நிலத்தின் விளைச்சலைப் பண்டே அளந்தறிந்த மனிதன், கடலின் விளைச்சலை அளக்க முற்பட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலாகும். சேர்மனி நாட்டுக் கீல் பல்கலைக்கழகத்தின் உடற்றொழிலியற் பேராசிரியரான விக்டர் ஹென்சன், நீரின் போக்கிலே மிதந்து திரியும் உயிர்களுக்குப் ‘பிளாந்தன்’ என 1887ஆம் ஆண்டிற் பெயரிட்டார். அவற்றுள் தாவரப் பிளாந்தன்கள் சூரிய ஒளியைக் கொண்டு உணவாக்குவன. கடலின் புல்வெளி அவையே எனலாம்.

1889இல் ஹென்சன் தலைமையில் ‘நாஷனல்’ என்னும் கப்பல் அத்திலாந்திக் சமுத்திரத்தைச் சுற்றி வந்தது. ஒளி மிகுந்த வெப்பக் கடலே வளம் மிகுந்ததாகும் என்பது அக்கால எதிர்பார்ப்பு. வலையிற் சிக்கியவற்றை எண்ணியபோதோ, குளிர்ந்த வடகடல் செழித்தும் வெப்பக்கடல் வறண்டும் காணப்பட்டன. பிளாந்தன்கள் ஒழுங்கின்றிப் பரந்திருத்தலின் எண்ணுதல் வீண்முயற்சியே என ஏர்ணஸ்ட் ஹெக்கல் 1890இற் கடுமையாகச் சாடினார். வலையிலும் குறையிருந்தது. அதன் கண்களூடே மிகச் சிறியன ஏராளமாய்த் தப்பின என்பதை லோமன் 1908இல் வெளியிட்ட கீல் ஆராய்ச்சி காட்டிற்று. எனினும் ஹென்சன் எழுப்பிய வினா அழியவில்லை.

விடை ஆழத்திலும் பருவத்திலும் இருந்தது. ஒளி மேலிருந்து வருகின்றது; உரமோ கீழிருந்து எழுகின்றது. ஆங்கிலக் கால்வாயிற் பிளிமத்துக்கு அப்பாலுள்ள நீரை ஆராய்ந்த அட்கின்ஸ், இளவேனிலில் மேல்நீரின் பொசுபேற்று குறைந்து, மாரியில் மீளப் பெருகுவதை 1923ஆம் ஆண்டளவிற் கண்டறிந்தார். மாரிப் புயல்கள் நீரைக் கலக்கி உரத்தை மேலே கொணரும். இளவேனிலில் தயற்றங்கள் பெருகி அதனை உண்டு தீர்க்கும். கோடையில் வெப்பமான மேல்நீர், குளிர்ந்த அடிநீரின்மேல் மூடிபோல் அமையும். அப்போது மேற்பரப்பு வறிதாக, நீந்தவல்ல சவுக்குமுளை உயிர்கள் அவ்விரு நீரும் சந்திக்கும் ஆழத்தை நாடும். இலையுதிர்காலக் கலக்கத்தால் மீண்டுமொரு சிறு பெருக்கம் உண்டாகும்.

கலக்கம் மிகினும் தீங்கே. அது நுண்தாவரங்களை இருளுக்குள் இழுத்துச்செல்லும். கலங்கும் நீரின் ஆழம் ஓர் எல்லைக்குட் சுருங்கினாலன்றிப் பெருக்கம் தோன்றாது என ஸ்வெர்ட்ரப் 1953இற் கணித்துரைத்தார். 2010இல் பெரன்ஃபெல்ட் இக்கொள்கையை மறுத்தார். வட அத்திலாந்திக்கில் பெருக்கம் நடுமாரியிலேயே தொடங்குவதைச் செய்மதித் தரவுகளிற் கண்ட அவர், ஆழ்ந்த கலக்கம் மேய்வனவற்றையும் ஐதாக்குதலே காரணம் என்றார்.

வழக்கு முடியவில்லை. ஆயினும் இரு சாராரும் இன்று வாதிடுவது எண்ணிக்கையைக் கொண்டேயாகும். ஹெக்கல் வீண் என இகழ்ந்த அம்முறையே நிலைபெற்றது.