சட்டத்தில் ஏறிய சொல்

பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகைகளைப் பார்த்தால் ஒரே நிகழ்ச்சிக்குப் பல பெயர்கள் தட்டுப்படும்: சீர்திருத்தத் திருமணம், வாழ்க்கைத் துணைநல ஒப்பந்த விழா, வாழ்க்கை இணையேற்பு விழா. துணைநலம் குறளின் ஆறாம் அதிகாரத் தலைப்பிலிருந்து வந்தது. ஊர்ப் பேச்சில் எல்லாமே "ஐயர் வைக்காத கல்யாணம்"தான்.

தொல்காப்பியம் மணச் சடங்கைக் 'கரணம்' என்கிறது. அதை வகுத்தவர் 'ஐயர்' என்றும் சொல்கிறது. அந்த ஐயர் பெரியோரா, அந்தணரா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. அகநானூற்று 86ஆம் பாட்டின் கல்யாணத்தில் புரோகிதரும் இல்லை, தீவலமும் இல்லை. பிள்ளை பெற்ற மகளிர் நால்வர் பெண்ணை நீராட்டி வாழ்த்துகிறார்கள். சிலப்பதிகாரத்திலோ முதுபார்ப்பானும் தீவலமும் வந்துவிட்டன.

1925இல் பெரியார் தொடங்கிய சுயமரியாதை இயக்கத்தின் பெயர்தான் இந்தக் கல்யாணத்துக்கு ஒட்டிக்கொண்டது. 'சுயம்', 'மரியாதை' இரண்டும் வடசொற்கள் என்று தனித்தமிழார் முகம் சுளிக்கலாம். மக்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. 1928இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் நடந்ததை முதல் சுயமரியாதைத் திருமணம் என்பார்கள்.

சொல் பரவிய அளவுக்குச் சட்டம் இடம் தரவில்லை. தெய்வானை ஆச்சி வழக்கில், 1953இல், சென்னை உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட திருமணம் செல்லாது என்றது. அப்படியானால் மனைவி மனைவியில்லை, பிள்ளைக்குச் சொத்துரிமையும் கேள்விக்குறி. அண்ணா முதல்வரானதும் 1967இல் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்தார். 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆங்கிலச் சட்டத்தில் 'சுயமரியாதை', 'சீர்திருத்த' என்ற சொற்கள் மொழிபெயர்க்கப்படாமல் அப்படியே நிற்கின்றன. 'வேறு எப்பெயரால் அழைத்தாலும்' என்ற வாசகமும் உண்டு. முன்பே நடந்த திருமணங்களும் செல்லுபடியாயின.

உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், ஒருவரையொருவர் ஏற்பதாகப் புரிந்த மொழியில் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் அணிவிக்கலாம், தாலி கட்டலாம். முதல் வரைவில் 'மற்றும்' என்றிருந்ததை 'அல்லது' ஆக்கச் சொன்னவர் பெரியார் என்று திராவிடர் கழகத்தார் சொல்வார்கள். யார் சொன்னாலும் சரி, தாலியைக் கட்டாயத்திலிருந்து விடுவித்தது அந்த ஒரு சொல்தான்.

பிற நாடுகளிலும் இதே கதைதான்: ஐரோப்பாவின் பழஞ்சமய நெறியினர் மணமக்களின் கைகளை நாடாவால் பிணைத்துச் செய்யும் மணத்துக்கு ஸ்காட்லாந்து இந்த நூற்றாண்டில்தான் சட்ட ஏற்பு தந்தது; இங்கிலாந்தில் தனியே பதிவுத் திருமணமும் செய்தாக வேண்டும். இந்த வகையில் நாம் முந்திக்கொண்டோம்.

சுயமரியாதைத் திருமணத்தை ஊரறிய நடத்தினால்தான் செல்லும் என்ற நிபந்தனையையும் 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. ஆனால் திருமணம் செல்லுவது வேறு, அதை நிரூபிப்பது வேறு. தமிழகத்தின் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்தத் திருமணத்தையும் 90 நாளுக்குள் பதிய வேண்டும். பத்திரிகையில் எந்தப் பெயரை அச்சிட்டாலும், சார்பதிவாளர் அலுவலகத்துக்கு ஒரு நடை போய்வந்துவிடுங்கள்.