ரைட் சகோதரர்களும் ஒரு ரெக்வயர்மென்ட் டாக்குமென்ட்டும்

பொட்டி தட்டுற மக்களுக்கு இந்த அவஸ்தை தெரியும். போன ப்ராஜெக்ட்ல ரெக்வயர்மென்ட் ரெண்டே வரி. முடிச்சுக் கொடுத்தா, "நாங்க கேட்டது இது இல்லையே"ன்னுட்டாங்க. இந்தத் தடவை 140 பக்கம். பட்டன் என்ன கலர்னு கூட இருக்கு. ஒரே நேரத்துல எத்தனை பேர் உபயோகிப்பாங்கன்னு மட்டும் இல்லை. எவ்வளவு விவரம் எழுதணும்னு டேமேஜரோட மூணு நாளா மல்லுக்கட்டு. அந்த எரிச்சல்ல நோண்டினப்போ சிக்கினதுதான் இந்தக் கதை.

1898ல் அமெரிக்க ராணுவம், பறக்கும் இயந்திரம் செய்யச் சொல்லி சாமுவேல் லாங்லி என்ற பெரிய விஞ்ஞானிக்கு 50,000 டாலர் ஒதுக்கியது. பறந்து காட்டினால்தான் பணம் என்ற பேச்சே இல்லை. 1903 அக்டோபர் 7, டிசம்பர் 8 என்று இரண்டு முறை முயற்சி. இரண்டு முறையும் இயந்திரம் பொடோமாக் ஆற்றில் தொபுக்கடீர். பத்திரிகைகள் ராணுவத்தைக் கிழித்துத் தொங்கவிட்டன.

சூடுபட்ட பூனை அடுத்த தடவை உஷாரானது. 1907 டிசம்பர் 23ல் ராணுவத்தின் சிக்னல் கோர் 'ஸ்பெசிஃபிகேஷன் 486' வெளியிட்டது. சில பக்கம்தான். இரண்டு பேர், மொத்தம் 350 பவுண்ட் எடையைச் சுமக்கணும். 125 மைலுக்கு எரிபொருள் கொள்ளணும். ஒரு மணி நேரம் இறங்காமல் பறந்து, கிளம்பின இடத்துக்கே சேதமில்லாமல் திரும்பணும். மணிக்கு 40 மைல் வேகம். கூடும் ஒவ்வொரு மைலுக்கும் 10 சதவீதம் போனஸ், குறையும் ஒவ்வொன்றுக்கும் 10 சதவீதம் வெட்டு. 36க்குக் கீழே போனால் வாங்கவே மாட்டோம். வேகத்தை எப்படி அளப்பார்கள் என்பது கூட இருந்தது: 5 மைலுக்கு மேற்பட்ட பாதையில், காற்றோடும் காற்றை எதிர்த்தும் பறந்து, சராசரி எடுக்கணும்.

இறக்கை எத்தனை, எஞ்சின் எப்படி? அதெல்லாம் செய்கிறவன் பாடு!

41 பேர் விலை கொடுத்தார்கள். செஞ்சு காட்டினது ரைட் சகோதரர்கள் மட்டும்தான். 1909 ஜூலை 30ல் ஆர்வில் ரைட் ஒரு ராணுவ அதிகாரியோட பறந்தார். சராசரி மணிக்கு 42.5 மைல். முழு மைல் கணக்கில் இரண்டு கூடுதல். அதனால் 25,000 டாலரோடு 5,000 போனஸ். யாரும் "நாங்க கேட்டது இது இல்லையே"ன்னு சொல்ல முடியலை.

ஆனா இதையே வேதவாக்கா எடுத்துக்காதீங்க. உந்தும் இயந்திரப் பகுதிக்கு ஏதாவது ஆனால் பத்திரமா இறங்க வழி வேணும்னு அதே டாக்குமென்ட்ல இருந்தது. 1908 செப்டம்பர் 17 சோதனையில் உடைந்தது ப்ரொபெல்லர். அது வால்பக்க சுக்கானைப் பிடித்திருந்த கம்பியை அறுத்தது. கூடப் போன லெஃப்டினன்ட் செல்ஃப்ரிட்ஜ் இறந்தார். விமான விபத்தில் இறந்த முதல் பயணி அவர்தான். எல்லா விபரீதத்தையும் முன்கூட்டியே எழுதிவிட முடியாது. அதுக்குத்தான் சோதனை.

எனக்குப் புரிஞ்சது இதுதான்: எத்தனை பக்கம்ங்கறது பிரச்சினையே இல்லை. வேலை முடிஞ்சதுன்னு எதை வச்சு ஒத்துக்குவோம்ங்கறதை நுணுக்கமா எழுதணும். எப்படிச் செய்யணும்ங்கறதைச் செய்கிறவனிடம் விட்டுடணும்.

மறுநாளே ஒரே பக்கத்துல எழுதினேன்: எத்தனை பேர், எத்தனை வினாடி, எந்தச் சோதனையில் தேறினா ஓகே. டேமேஜர் பொறுமையாப் படிச்சுட்டுக் கேட்டார்: "பட்டன் கலர் எங்கேப்பா?"

உங்க ஆபீஸ்ல எப்படி மக்களே?