நித்தியகல்யாணியும் புற்றுச்செல்லின் மரணமும்: செடி செய்வது எது, செல் செய்வது எது?

நித்தியகல்யாணி செங்கல்பட்டு வட்டாரத்தில் விதைப்பாரின்றியே வளரும் செடி. படாளம் போன்ற ஊர்களில் வீட்டு வாசலிலும், சதுரங்கப்பட்டினம் முதல் மாமல்லபுரம் வரை கரையோர மணல் தரிசிலும், இடுகாட்டு ஓரங்களிலும் ஆண்டு முழுவதும் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகப் பூக்கிறது. சுடுகாட்டுமல்லி என்றும் அதைச் சொல்வார்கள். தாயகம் மடகாஸ்கர், தாவரவியல் பெயர் கேதராந்தஸ் ரோசியஸ். ஆடுமாடுகள் அதில் வாய்வைப்பதில்லை. இலையின் கசப்புக்குக் காரணமான ஆல்கலாய்டுகள் நூற்றுக்கும் மேல். அவற்றுள் வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்னும் இரண்டும் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் புற்றுநோய் மருந்துகளாக இருந்துவருகின்றன.

இச்செடி புற்றைக் கொல்கிறது என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் நடப்பதைக் கூர்ந்து பார்த்தால், செடியின் சேர்மம் பெரும்பாலும் செல் இரண்டாகப் பிரிவதை இடைமறிப்பதோடு நின்றுவிடுகிறது. மரணத்தை நிகழ்த்துவது செல்லுக்குள் முன்பே அமைந்திருக்கும் ஏற்பாடு. மருந்தின் பயனும் நச்சுத்தன்மையும் இலைக் கஷாயம் மருந்தாகாததும் இந்த வேறுபாட்டை வைத்தே விளங்கும்.

இலைக்குள் இந்த மருந்து மிக அரிதாகவே இருக்கிறது. வின்பிளாஸ்டின் என்பது கேதரான்தீன், விண்டோலின் என்னும் இரு ஆல்கலாய்டுகள் இணைந்து உருவாகும் பெரிய மூலக்கூறு. கேதரான்தீன் பெரும்பாலும் இலைப்பரப்பின் மெழுகுப் படலத்தில் தங்குகிறது. விண்டோலின் உள்திசுக்களில் சேர்கிறது. இரண்டும் இப்படிப் பிரிந்து கிடப்பதால் இணைந்த மூலக்கூறு சொற்பமாகவே உருவாகிறது. 1 கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க 500 கிலோவுக்கும் மேல் உலர்ந்த இலை வேண்டும். வின்கிரிஸ்டினுக்குச் சுமார் 2,000 கிலோ. தென்மாவட்டங்களில் இச்செடி மானாவாரிப் பயிரானதற்கு இந்தத் தேவையும் ஒரு காரணம். 2022இல் ஈஸ்ட்டின் மரபணுக்களை மாற்றியமைத்து கேதரான்தீன், விண்டோலின் என்னும் அந்த இரு மூலப்பொருள்களையும் உண்டாக்கிக் காட்டியிருக்கிறார்கள்.

புற்றுக்கு எதிரான குணம் வேறொன்றைத் தேடியபோது வெளிப்பட்டது. ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு இவ்விலையைக் காய்ச்சிக் குடிப்பார்கள். அங்கிருந்து 1952இல் வந்த இலைகளைக் கனடாவின் மேற்கு ஒண்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோபிள் சோதித்தார். வாய்வழி கொடுத்த சாற்றால் எலிகளின் ரத்தச் சர்க்கரை குறிப்பிடும்படி மாறவில்லை. ஊசிவழி ஏற்றியபோது எலிகள் கிருமித்தொற்றில் மடிந்தன. எலும்பு மஜ்ஜை ஒடுங்கி வெள்ளையணுக்கள் வீழ்ந்திருந்தன. வெள்ளையணுவைக் குறைக்கும் பொருள் அவை பெருகும் நோய்க்கு உதவலாம் என்ற ஊகம் அங்கே பிறந்தது. நோபிளும் சார்லஸ் பீரும் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்து 1958இல் அறிவித்தனர். அமெரிக்காவின் எலை லில்லி நிறுவனத்தில் கோர்டன் ஸ்வபோடாவின் குழு வின்கிரிஸ்டினைப் பிரித்தது. 1963இல் அது அங்கீகாரம் பெற்றது.

செல்லுக்குள் இம்மருந்தின் இலக்கு டியூபுலின் என்னும் புரதம். டியூபுலின்கள் வரிசையாக இணைந்து நுண்குழல்கள் ஆகின்றன. செல் பிரியும் நேரத்தில் இவையே கதிர்கோல் இழைகளாகி இரட்டித்த குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கின்றன. இழை ஓயாமல் நீண்டும் குறுகியும் கொண்டிருந்தால்தான் குரோமோசோம் அதன் பிடிக்குள் வரும். வின்பிளாஸ்டின் இரண்டு டியூபுலின்களின் சந்திப்பில் ஆப்பாக நுழைந்து அவற்றை வளைத்துவிடுகிறது. வளைந்தவை நேரான குழலில் பொருந்தா. மிகக் குறைந்த செறிவிலேயே குழல்முனையின் நீட்டமும் குறுக்கமும் தடைப்படுகின்றன. செறிவு கூடினால் குழல்களே கரைந்துபோகின்றன.

குரோமோசோம் ஒன்றுகூட இழையில் மாட்டாதிருந்தால், பிரிவை நிறுத்திவைக்கும் காவல் ஏற்பாடு செல்லில் உண்டு. சைக்ளின் பி என்னும் புரதம் சிதைந்தால்தான் செல் அடுத்த கட்டத்துக்குப் போகும். காவல் அச்சிதைவைத் தடுக்கிறது. மருந்து இருக்கும்வரை செல் பல மணிநேரம் நடுவழியில் நிற்க நேர்கிறது. இந்த இடைவெளியில்தான் மரணம் தீர்மானமாகிறது. செல்லை உயிரோடு காக்கும் எம்சிஎல்-1 புரதம் மெல்லக் குறைகிறது. பிசிஎல்-2 போன்ற காவற்புரதங்களும் பாஸ்பேட் ஏறி வலுவிழக்கின்றன. அவை தளர்ந்ததும் பேக்ஸ், பேக் என்னும் புரதங்கள் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் துளையிட, சைட்டோகுரோம் சி வெளியே கசிகிறது. அது காஸ்பேஸ்-9ஐயும், அதன்வழி காஸ்பேஸ்-3ஐயும் தூண்டுகிறது. காஸ்பேஸ்கள் உட்புரதங்களை வெட்டுகின்றன, டிஎன்ஏ துண்டாகிறது, செல் சுருங்கிச் சிறு பொதிகளாக உடைய, அண்டை செல்கள் விழுங்கிவிடுகின்றன. அப்போப்டோசிஸ் எனப்படும் இம்மரணத்தில் அழற்சி பெரும்பாலும் எழுவதில்லை.

ஆனால் எல்லாச் செல்லும் இவ்வழியில் மடிவதில்லை. சைக்ளின் பி கசிந்து குறைந்து, மரணத்துக்கு முன்பே செல் நழுவிவிடலாம். அப்போது அது பிரியாமல், இரட்டைக் குரோமோசோம் தொகுதியோடு தப்பிக்கிறது. இரண்டில் எது முந்துகிறது என்பது அந்தச் செல்லின் புரத இருப்பைப் பொறுத்தது. அடுத்தடுத்த செல்கள் ஒரே அளவு மருந்தில் வெவ்வேறு முடிவைச் சந்திப்பது இதனால்தான். செடியின் குணத்தை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது.

மருந்தின் நச்சும் இதே வழியில் வருகிறது. டியூபுலின் எல்லாச் செல்லிலும் உண்டு. வேகமாகப் பிரியும் மயிர்க்கால்களும் மஜ்ஜையும் முதலில் அடிபடுகின்றன. நரம்புச் செல் பிரிவதில்லை. ஆயினும் அதன் நீண்ட இழைநெடுக நுண்குழல்களே போக்குவரத்துப் பாதை. எனவே வின்கிரிஸ்டின் ஏற்றியவர்களுக்குக் கால்விரல் மதமதப்பு, மலச்சிக்கல், கணுக்கால் அனிச்சை இழப்பு ஆகியவை வருகின்றன. விண்டோலின் பகுதியில் ஒரு மெத்தில் இருந்தால் அது வின்பிளாஸ்டின், அவ்விடத்தில் ஃபார்மைல் இருந்தால் வின்கிரிஸ்டின், அவ்வளவே வேறுபாடு. ஆனால் முன்னது மஜ்ஜையையும் பின்னது நரம்பையும் முதன்மையாகத் தாக்குகிறது. வழக்கமாக வின்கிரிஸ்டின் ஒரு வேளைக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் தரப்படுவதில்லை. ரத்தக்குழாய் வழியே மட்டுமே செலுத்த வேண்டும். தவறித் தண்டுவடத் திரவத்தில் செலுத்தினால் அநேகமாக உயிர் போய்விடும்.

இலைக் கஷாயமே மருந்தாகும் என்னும் வாதத்துக்கு இங்கே கணக்கே விடை சொல்கிறது. மேலே சொன்ன அளவின்படி 2 மில்லிகிராம் வின்கிரிஸ்டின் சுமார் 4 கிலோ உலர் இலையிலிருந்து வரவேண்டும். ஒரு கைப்பிடி இலையில் இருப்பது அதில் மிகச் சிறு பங்கு. அதுவும் குடலில் சரிவர உறிஞ்சப்படாது. மற்ற ஆல்கலாய்டுகளோ அளவு தெரியாமல் உள்ளே போகும். நோபிளின் எலிகளும் சாறு ஊசிவழி ஏறியபோதே மடிந்தன. கீமோ எடுத்துவரும் ஒருவர் இலைச்சாறும் குடித்தால், மஜ்ஜை ஒடுங்கியதற்கு எது காரணம் என்று மருத்துவரால் பிரித்தறிய இயலாது.

பிற மருந்துகளோடு முறையாகச் சேர்த்தபோது இம்மருந்து என்ன சாதித்தது என்பதற்குச் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையமே சான்று. டாக்டர் வி. சாந்தா தலைமையேற்றிருந்த அந்நிலையம், மும்பை டாடா நினைவு மருத்துவமனை, தில்லி எய்ம்ஸ் ஆகிய மூன்றும் 1984 முதல் குழந்தைகளின் கடும் நிணவெள்ளையணு ரத்தப்புற்றுக்கு எம்சிபி-841 என்னும் பொதுச் சிகிச்சை முறையைக் கையாண்டன. வின்கிரிஸ்டினோடு பிரட்னிசோலோன், அஸ்பராஜினேஸ், டானோரூபிசின் ஆகியவை அதில் சேர்ந்தன. வெவ்வேறு இலக்குகளைத் தாக்கும் மருந்துகள் கூடியதால், ஒன்றிடமிருந்து நழுவும் செல் இன்னொன்றிடம் அகப்பட வாய்ப்புண்டு. தொற்றைத் தடுக்கும் துணைப் பராமரிப்பும் மேம்பட்டது. அதற்குமுன் 20 சதவீதத்துக்கும் கீழே இருந்த, நான்காண்டுகள் நோய் திரும்பாமல் வாழ்ந்தோர் விகிதம் இம்மையங்களில் 45 முதல் 60 சதவீதமாக உயர்ந்தது.