டூகோ முதல் டேஷ்போர்டு வரை: காருக்குள்ளே ஒரு கலர் சரித்திரம்

நம்ம ஊரில் பெயின்டர்களிடமும் மர வேலை செய்யும் ஆசாரிகளிடமும் பேசிப் பாருங்கள். "டூகோ அடிச்சுரலாமுங்க" என்பார்கள். டூகோ என்பது ஏதோ ஒரு பெயின்டிங் முறையின் பெயர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனி 1920களில் விற்ற ஒரு பெயின்டின் பிராண்டு பெயர். ஜெராக்ஸ் கதைதான் இங்கேயும்!

அதற்கு முன் காருக்குக் கலர் அடிப்பது என்றால் பிரஷ், வார்னிஷ், பிறகு காய்வதற்காக வாரக்கணக்கில் காத்திருப்பு. ஹென்றி ஃபோர்டு 1914 முதல் 1925 வரை மாடல் டி காரைக் கருப்பில் மட்டுமே கொடுத்தார். கருப்பு மலிவு, உழைக்கும். 1923ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஓக்லாண்ட் கார்களுக்கு டூகோவை நீல நிறத்தில் அடித்து இறக்கியது. வாரங்கள் மணிக்கணக்காகச் சுருங்கின. ஃபோர்டும் 1926 மாடலில் மற்ற கலர்களுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று.

டூகோ சட்டென்று காய்வதால் பிரஷுக்கு ஒத்துவராது, கன் வேண்டும். அந்த ஸ்ப்ரே கன்னின் பூர்வீகம் தெரியுமா? 1888ல் அமெரிக்காவின் டொலிடோ நகரத்து டாக்டர் ஆலன் டிவில்பிஸ், தொண்டைப்புண்ணுக்கு மருந்து தெளிக்கக் கண்டுபிடித்த கருவி. அதைப் பெயின்டுக்கு மாற்றியவர் அவர் மகன் :)

இனி நம்ம பக்கம் வருவோம். ஜி.டி.நாயுடு பொள்ளாச்சி - பழனி பஸ் விட்டது 1920ல். 1960ல் கோவையில் ஆரம்பித்த எல்ஜி, ஒர்க்‌ஷாப் சாமான்களும் ஏர் கம்ப்ரஸரும் செய்தது. வண்டி, கன், காற்று எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில்.

அந்தக் காலத்து ஃபியட் 1100 போன்ற கார்களுக்குள் டேஷ்போர்டே பெயின்ட் அடித்த தகடுதான். கதவு ஓரங்களிலும் தகடு தெரியும். தகடு என்பதால் பட்டி போட்டு, உப்புத்தாள் தேய்த்து, வெளியே அடிக்கிற மாதிரியே உள்ளேயும் அடிக்கலாம். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதற்குப் பின் காருக்குள் பார்க்கும் இடமெல்லாம் பிளாஸ்டிக். தலைவலி இங்கேதான் ஆரம்பம்.

பிளாஸ்டிக்கில் கலர் மேலே பூசப்பட்டதல்ல, பொருளோடு கலந்து வார்க்கப்பட்டது. பாடி கலருக்குக் கோடு உண்டு. உள்ளே இருக்கும் அந்த மங்கிய பழுப்புக்குக் கோடு தேடினால் கடைக்காரர் முழிப்பார். பாலிப்ரொப்பிலீனில் பெயின்ட் ஒட்டவே ஒட்டாது, அதற்கென்று தனி பிரைமர் வேண்டும். இதையெல்லாம் தாண்டி, தோல் மாதிரி சொரசொரப்பு வேறு. ஒரே பெயின்டைப் பளபளப்பாக அடித்தால் அடர்த்தியாகவும், மேட்டாக அடித்தால் வெளுப்பாகவும் தெரியும். மேட் பரப்பு வெளிச்சத்தை நாலாபுறமும் சிதறடிப்பதுதான் காரணம். ஆக, கலரைப் பிடித்தும் ஷீனை விட்டால் பேனல் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

பழுப்பைக் கொஞ்சம் அடர்த்தியாக்கக் கருப்பு சேர்ப்பது எல்லோரும் செய்வது. பழுப்பில் மஞ்சள் இருக்கிறதே! மஞ்சளும் கருப்பும் சேர்ந்தால் பாசிப்பச்சை சாயல் வந்துவிடும். கருப்புக்குப் பதில் அம்பர் என்கிற மண்பழுப்பு சேர்த்தால் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்த எதிரி வெளிச்சம். இதைப் புரிந்துகொள்ள பெயின்ட் கடையைவிடத் திருப்பூர்தான் நல்ல இடம். பனியன் கம்பெனிகளில் லைட் பாக்ஸ் பார்த்திருப்பீர்கள். டி65 என்பது பகல் வெளிச்சம், டிஎல்84 ஐரோப்பியக் கடைகளின் டியூப்லைட், இன்னொன்று குண்டு பல்பு. ஒரு லைட்டில் அச்சாகப் பொருந்தும் இரண்டு துணிகள் அடுத்த லைட்டில் அண்ணன் தம்பி மாதிரிகூட இருக்காது. மெட்டாமெரிசம் என்று டெக்ஸ்டைல் வகுப்பில் படிப்பது இதைத்தான். சாயம் வேறு, பெயின்ட் வேறு, ஆனால் கண்ணும் வெளிச்சமும் ஒன்றுதானே? ஷெட்டின் டியூப்லைட்டில் கலந்த கலரை வெயிலில் ஒருமுறை பார்க்காமல் அடிப்பது சூதாட்டம்.

இதில் சரித்திரம் எங்கே என்கிறீர்களா? பழைய காரை மீட்டெடுப்பவர்கள் எந்தக் கலரைச் 'சரியான கலர்' என்பது? முப்பது வருஷம் வெயில் தின்று மஞ்சளித்த இன்றைய கலரையா, தொழிற்சாலையை விட்டு வந்தபோது இருந்ததையா? ஒரே ஒரு பேனலை மாற்றுபவர் இன்றைய கலரைத்தான் பிடிக்க வேண்டும், வேறு வழியில்லை. முழுக்காரையும் புதுப்பிப்பவருக்கு என் ஓட்டு பழைய கலருக்கே. அது எங்கே கிடைக்கும்? ஸ்பீடாமீட்டருக்குப் பின்னால், ஸ்க்ரூ தலைக்கு அடியில், ஒன்றன் மேல் ஒன்று ஏறி உட்காரும் ஓரங்களில். வெயில் படாத அந்த நகக்கண் அளவு இடம்தான் கல்வெட்டு. அவசரத்தில் பேனலைக் கழற்றி முன்னும் பின்னும் ஒரே அடியாக அடித்துவிட்டால் கல்வெட்டைச் சுண்ணாம்பு பூசி மறைத்த மாதிரிதான். பின்பக்கம் ஒரு ஓரத்தில் டேப் ஒட்டி, கொஞ்ச இடத்தை அப்படியே விட்டுவிடச் சொல்லுங்கள். செலவு அரை அடி டேப்!

கொசுறு: அவினாசி ரோட்டில் 2015ல் திறந்த ஜீடி கார் மியூசியத்துக்குப் போனால் பானட்டை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். கண்ணாடி வழியாக டேஷ்போர்டையும் கதவு ஓரத்தையும் எட்டிப் பாருங்கள். எது தகடு, எது பிளாஸ்டிக், எங்கே கலர் மாறுகிறது என்று உங்களுக்கே பிடிபடும்.