போரை ஆடும் ஒரு பொலிகிடாவும்

தூத்துக்குடி என்றால் முத்து, உப்பு, வ.உ.சி.யின் கப்பல். நானும் இவ்வளவு நாளாக அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். ஆனால் துறைமுகத்தின் பழைய ஏற்றுமதிக் குறிப்புகளைப் புரட்டினால் பருத்திக்கும் அரிசிக்கும் பக்கத்திலேயே இன்னொரு சரக்கும் வரும்: கால்நடை. 1876 வாக்கில் இங்கே ரயில் வந்துவிட்டது. 1914இல் தனுஷ்கோடி – தலைமன்னார் வழி திறக்கும்வரை கொழும்புக்குப் போகிறவர்களுக்கு இதுதான் பாதை. ஆடு, மாடு, கோழி எல்லாம் இந்த வழியாகத்தான் இலங்கைக்குப் போயின.

பழைய துறைமுகத்தில் ஆழம் கிடையாது. கப்பல் சில மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். கத்துகிற ஆடுகளைத் தோணியில் ஏற்றி, நடுக்கடலில் கப்பலுக்கு மாற்றியிருக்கிறார்கள். அந்த வேலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்!

அந்தக் குறிப்புகளில் ஆடு வெறும் 'ஆடு'தான். எந்த இனம், எப்படி இருக்கும் என்ற பேச்சே இல்லை. மாட்டுக்கு அப்படி இல்லை. மைசூரின் அமிர்தமகால் மாடு பீரங்கி இழுத்தது, அதனால் திப்புவும் அக்கறை காட்டினார், அவருக்குப் பின் வந்த கும்பெனியும் அக்கறை காட்டியது. சென்னை மாகாணத்து ஓங்கோல் மாடு 19ஆம் நூற்றாண்டில் பிரேசிலுக்குப் போய், நெல்லூர் மாவட்டத்தின் பெயரால் 'நெலோர்' ஆனது. அங்கே 1938இல் அதற்கு இனப்பதிவேடு தொடங்கினார்கள். இன்று பிரேசிலின் இறைச்சி மாடுகளில் பெரும்பகுதி அந்த ரத்தம்தான். நம்மூர் வெள்ளாட்டை யார் கண்டுகொண்டார்கள்? வனத்துறைக்கு அது காட்டை மேய்ந்து அழிக்கிற பிராணி, அவ்வளவுதான்.

விளாத்திகுளம், ஒட்டப்பிடாரம், எட்டயபுரம் பக்கம் போனால் ரெண்டு வெள்ளாட்டு இனங்களைப் பார்க்கலாம். ஒன்று கன்னி ஆடு: கறுப்பு உடம்பு, முகத்தின் ரெண்டு பக்கமும் கோடு. கோடு வெள்ளையாக இருந்தால் பால்கன்னி, செவலையாக இருந்தால் செங்கன்னி. இன்னொன்று கொடி ஆடு: நெட்டைக் கால், நீண்ட கழுத்து, ஒல்லி உடம்பு. வெள்ளையில் கறுப்புத் தெளித்திருந்தால் கரும்போரை, சிவப்புத் தெளித்திருந்தால் செம்போரை. செம்மறியில் வேம்பூர்ப் பொட்டு ஆடு இருக்கிறது, அது தனிக்கதை. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள நிறுவனம் கன்னி ஆட்டுக்கும் பிறகு கொடி ஆட்டுக்கும் பதிவு எண் கொடுத்ததெல்லாம் இந்த நூற்றாண்டில்தான்.

பதிவேடு இல்லாத காலத்தில் இந்த இனங்களைக் காப்பாற்றியது யார்? விளாத்திகுளம் பக்கம் ஆடு வைத்திருக்கும் என் தாய்மாமாவிடம் கேட்டேன்.

"ரெட்டைக் குட்டி போட்டு, ரெண்டுக்கும் பால் பத்துற ஆட்டோட கிடாக்குட்டியத்தான் விடணும் மருமவனே. காலு நீளமா இருக்கணும், அப்பத்தான் உடைமரத்த எட்டிக் கடிக்கும். வெள்ள உடம்புன்னா அந்திக் கருக்கல்லயும் தூரத்துல தெரியும்."

ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருதடவை பொலிகிடாவைப் பக்கத்து ஊர்க்காரரிடம் மாற்றிக்கொள்வார்களாம். தகப்பனே மகளைச் சேர்ந்தால் குட்டி சொங்கிப்போகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

இதில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. நன்றாக வளர்கிற கிடாதான் முதலில் விலைபோகும். தீபாவளிக்கு, பக்ரீதுக்கு, கோயில் கொடைக்கு என்று எல்லோரும் தேடுவது கொழுத்த கிடாவைத்தான். வீட்டில் மிஞ்சுவது நோஞ்சான். அதுதான் அடுத்த தலைமுறைக்குத் தகப்பன். ஆக, ஓர் இனம் நிலைக்க வேண்டுமென்றால் கையில் காசு இல்லாத நேரத்திலும் ஒருவர் தன் மந்தையின் மிக நல்ல கிடாவை "விக்க மாட்டேன்" என்று சொல்லியாக வேண்டும். அப்படிச் சொன்னவர்கள் பெயரை எந்த ஆவணமும் எழுதி வைக்கவில்லை. என்னைக் கேட்டால் கொடி ஆட்டின் வரலாறே அந்த மறுப்புதான்.

மாமாவும் நாலு வருஷம் முன்னால் மறுக்க முடியாமல் விற்றார். அக்கா கல்யாணச் செலவு. பதிலுக்கு ஒரு போயர் கலப்புக் கிடாவை வாங்கினார். போயர் தென்னாப்பிரிக்க ஆடு, அங்கே 1959இலேயே சங்கம் வைத்து, எடை பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்து வளர்த்த இனம். குறை சொல்ல முடியாது, குட்டிகள் சீக்கிரமே எடை போட்டன, நல்ல விலைக்கும் போயின. ஆனால் கோடையில் நாலு மைல் நடக்கச் சொன்னால் நிழலைக் கண்ட இடத்தில் நின்றுவிடும். ஐப்பசி மழையில் கரிசல் சேறானபோது குளம்பு புண்ணாகி, சளி பிடித்து, ஏழு குட்டி போய்விட்டது. கொட்டிலில் வைத்துத் தீவனம் போடுகிறவருக்கு அது சரியான ஆடாக இருக்கலாம். மாமாவிடம் இருப்பது நாலு தடுப்பும் வேலிக்கருவைக் காடும்தான்.

போன மாசம் எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தைக்கு அவரோடு நானும் போனேன். விடியுமுன்னே கூட்டம். செம்போரைப் பொலிகிடா வேண்டும் என்று தேடினோம். ஒருவர் காட்டினார், நிறம் அச்சாக இருந்தது. மாமா வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தார், காலைத் தடவினார், பிறகு காதைப் பிடித்துக் கொஞ்ச நேரம் நின்றார். காது கொஞ்சம் அதிகமாகவே தொங்கியது.

"கலப்பு" என்றார், என்னிடம் மட்டும். அடுத்த வரிசைக்கு நடந்தோம்.