விரல் வழி வந்த எழுத்து

எழுத்துக் கூட்டத் தடுமாறும் குழந்தையை மந்தம் என்று ஒதுக்குவது நெடுநாளைய வழக்கம். அக்குழந்தையின் மூளை வேறொரு முறையில் இயங்குகிறது என்பதை இன்று அறிவோம். கற்றல் குறைபாட்டை நமது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் ஏற்றுள்ளது. ஆயினும், அத்தகைய குழந்தைக்கு எழுத்தின்பால் விருப்பம் உண்டாக்கும் வழியொன்றை நூறாண்டுக்கு முன்னரே ஓர் அம்மையார் காட்டினார்.

1900-ஆம் ஆண்டில், ரோமாபுரியின் மனநோய் விடுதிகளில் அடைபட்டுக் கிடந்த சிறுவர்க்கு ஆசிரியராக அமர்ந்தார் மருத்துவர் மரியா மாண்டிசோரி. இட்டார், செகென் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவரின் நூல்களே அவருக்குத் துணை. மரத்தால் எழுத்துகள் செய்வித்தார். உயிருக்குச் சிவப்பு, மெய்க்கு நீலம். ‘படி’ என்று அதட்டவில்லை. எழுதும் போக்கிலேயே எழுத்தை விரலால் தடவச் செய்தார். கண்ணுக்குப் பிடிபடாதது கைக்குப் பிடிபட்டது. அச்சிறுவருள் சிலர் பொதுப் பள்ளி மாணவரோடு தேர்வெழுதித் தேறினர்!

ஊரார் வியந்தனர். அம்மையாருக்கோ கவலை வேறு: குறையொன்றும் இல்லாத பிள்ளைகள் இவர்களுக்குச் சமமாக மட்டுமே நிற்பானேன்? 1907-இல் ஏழைக் குழந்தைகளுக்கென நடத்திய பள்ளியில் உப்புத்தாள் எழுத்துகளைக் கொடுத்தார். எழுத வந்துவிட்ட களிப்பில் அவர்கள் தரை, சுவர், ரொட்டியின் மேலோடு எதையும் விட்டுவைக்கவில்லை.

1939-இல் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்தார். விரலெழுத்து நமக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதிப் பழகியவர் நம் முன்னோர். அங்கே பிரம்பும் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. டிஸ்லெக்ஸியா உள்ள குழந்தைகளுக்குக் கற்பிப்போர் இன்று மணல் தட்டையும் உப்புத்தாளையும் கையாள்கின்றனர்.